அரை நூல்

முதல் வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு வந்தது. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி. என் கேட்டுக்கு முன்னால் நின்று ஆறு முறை ஹாரன் அடித்தது. ஆறாவது முறைக்குப் பிறகுதான் நான் எழுந்து போனேன். அதற்கு முன்பே எழுந்திருக்க முடியும். எழுந்திருக்கவில்லை.

ஓட்டுநர் இறங்காமலே கையை நீட்டிக் கேட்டைத் திறக்கச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன். ரோடு உள்ளேதான் போகிறது என்று சொல்லி செல்போனைத் திருப்பிக் காட்டினான். திரையில் தார்ச்சாலையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு பிரிந்து, என் கேட் வழியாக, என் களத்தின் குறுக்கே, கிணற்றை ஒட்டி, பின்பக்கம் போய் முடிந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நேராகச் செல்லும்படி சொன்னது. நேராகப் போனால் கிணறு. நாற்பத்திரண்டு அடி ஆழம்.

அந்த வாரம் ஐந்து வண்டிகள். அடுத்த வாரம் எட்டு. ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் ஒருவன் கேட் திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, காயப் போட்டிருந்த கொள்ளின் மேல் ஏற்றித் திருப்பிக்கொண்டு போனான். என் மனைவி அந்தக் கொள்ளைக் கல்லும் மண்ணுமாக அள்ளிப் புடைக்க இரண்டு மத்தியானம் ஆனது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே தார்ச்சாலை. அதை ஒட்டி என் நிலம், ஒன்றே கால் ஏக்கர். என் நிலத்துக்குப் பின்னால், வடக்கே, தக்காளி போடும் ஒருவனுடைய நிலம். மூன்று ஏக்கர் சில்லறை. அவன் நிலத்துக்கு வண்டி போக வழி கிடையாது. மேற்கே மற்றவர்களின் வயல்கள். கிழக்கே என் வேலியை ஒட்டி ஒரு ஓடை, பள்ளமும் சீமைக் கருவேலமுமாக. அவன் தக்காளியைப் பெட்டியில் அடுக்கி, தலையில் வைத்து, வரப்பின் மேல் நடந்து சாலைக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு வைத்து எண்ணினால் முந்நூற்று நாற்பது. என் எட்டுக்கு. அவன் எட்டுக்கு முந்நூறு இருக்கலாம். அறுவடை நாட்களில் அவனும் அவன் மனைவியும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் விடியலிலிருந்து நடப்பார்கள். தக்காளி காத்திருக்காது, மண்டியும் காத்திருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

என் நிலத்தின் கிழக்கு வேலியோரம் பதினான்கு தென்னை மரங்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நிலம் வாங்கிய முதல் மழைக்கு நட்டவை. ஒவ்வொன்றிலும் தாரால் எண் எழுதியிருந்தேன். எந்த மரம் எத்தனை காய் என்று எண்ணாமல் எப்படித் தெரியும்? ஆறாம் எண் மட்டும் பெரும்பாலும் குரும்பையிலேயே கொட்டிவிடும். மற்றவை நன்றாகக் காய்க்கும்.

வெள்ளைக் கோட்டைப் போனில் போட்டவன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. கோடு எங்கே முடிகிறதோ அங்கே குடியிருக்கிறவன்தான். செல்போன் மேப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு சாலை விட்டுப் போயிருக்கிறது என்று விரலால் கோடு போட்டு அனுப்பலாமாம். நாலு வண்டிக்காரர்கள் ஆமாம் சாலை இருக்கிறது என்று தலையாட்டினால் போதுமாம். அவனுக்குத் தெரிந்த வண்டிக்காரர்கள் நாலு பேருக்கு மேல் இருப்பார்கள்.

அவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். எல்லாரையும் நினைவில் வைத்திருக்க முடியாது. இவனை நினைவிருக்கிறது. இந்திய வரைபடத்தில் பத்து இடம் குறிக்கச் சொன்னால் மூன்று சரியாகக் குறிப்பான். ஒருமுறை சென்னையை அரபிக்கடல் ஓரத்தில் வைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் மருந்தடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தோளிலிருந்த டேங்கை இறக்காமலே நின்றான்.

"நான் எதுவும் போடலிங்க சார். சாட்டிலைட்டு மேலருந்து பாத்துப் போட்டுதுங்க."

"சாட்டிலைட்டு உன் வூட்டு வாசல்ல வந்து நின்னுடுச்சா? அதுக்கு மேல கோடு போவலியே."

"அதுக்கு மேல ரோடு இல்லிங்களே சார்."

"இங்க மட்டும் இருக்குதா?"

"இருந்துதுங்க. நீங்கதான் காட்டுனீங்க. கிளாஸ்ல ஊர் மேப்ப மாட்டி, இது ஏரி, இது கோயிலு, இது வண்டிப்பாதைன்னு குச்சியால தொட்டுக் காட்டுனீங்க. விட்டு விட்டுப் போட்ட ரெண்டு கோடு. அது எங்க நெலத்தாண்டதான் போச்சு."

"சென்னைய அரபிக்கடல்ல குறிச்சவன் நீ."

"ஆமாங்க. அன்னிக்கி அடிச்சீங்க. அதுக்கப்புறம் தப்பா குறிச்சதில்லிங்க."

மறுபடி பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டான். காற்று என் பக்கம் அடித்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அவன் சொன்னது உண்மை. பணியில் இருந்தபோது நில அளவை அலுவலகத்தில் மனுப் போட்டு எங்கள் கிராமத்தின் வரைபட நகல் ஒன்று வாங்கியிருந்தேன். அச்சுப் பிரதி. பதினாறு அங்குலம் ஒரு மைல். அதாவது தாளில் ஓர் அங்குலம் தரையில் முந்நூற்று முப்பது அடி. உலகப் படத்தையும் இந்தியப் படத்தையும் எவ்வளவு காட்டினாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது. தன் வீடு இருக்கும் தாளைக் காட்டினால் நான்கு பேராவது எட்டிப் பார்ப்பார்கள். அதற்காக அந்தத் தாளை மல் துணியில் ஒட்டி, மேலும் கீழும் மூங்கில் குச்சி வைத்து, வகுப்பில் மாட்டினேன். அவன் வருடத்துப் பிள்ளைகள்தான் அதை முதலில் பார்த்தவர்கள். ஓய்வு பெறும்போது அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பள்ளியில் யாரும் தேடவில்லை. கூடவே ஒரு பூகோள உருண்டையையும் தலையில் கட்டினார்கள். அச்சு வளைந்து, தென் துருவம் உள்ளே அமுங்கிப் போனது. அது அலமாரி மேல் இருக்கிறது.

ஆகவே வண்டிப்பாதை இருந்ததா என்ற கேள்வி எனக்கு இல்லை. இருந்தது. தார்ச்சாலை போட்ட பிறகு யாரும் அதில் போகாமல், உழுதவர்கள் உழுது, முள் முளைத்த இடத்தில் முள் முளைத்து மறைந்துவிட்டது. கேள்வி, அது எங்கே இருந்தது என்பதுதான். அது என் களத்தில் இல்லை. என் நிலத்திலேயே இல்லை. நிலம் வாங்கியபோதே வரைபடத்தில் அளந்துவிட்டேன். ஊருக்கு மேற்கே பாலத்தடியில் ஒரு பழைய சர்வே கல் இருக்கிறது. அதிலிருந்து வண்டிப்பாதையின் மேற்கு ஓரம் வரை தாளில் ஆறு அங்குலமும் அரை நூலும். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆசாரிமார் சொல்லும் கணக்கு. தரையில் அது இரண்டாயிரம் அடி. நூறடிக் கயிறு ஒன்று செய்து, கல்லிலிருந்து இருபது முறை நீட்டிப் பிடித்து அளந்தேன். மறுமுனையைப் பிடித்தவள் என் மனைவி. இருபதாவது முறை கயிறு ஓடைச் சரிவில் போய் நின்றது. ஓர் அடி இந்தப் பக்கம் வேலி போட்டேன், முப்பத்தொரு கல்தூண். வேலிக்கு ஏழடி உள்ளே தென்னை வைத்தேன். பாதை என் வேலிக்கு வெளியே, ஓடைப் பள்ளத்தில் போகிறது. பள்ளத்தில் யார் வண்டி ஓட்டுவது? அதனால் எனக்குத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் தெரியும். அந்தப் பாதை என் நிலத்தைத் தாண்டி வடக்கே நேராகப் போகிறது. ஐந்து வருடங்களுக்கு முன் அவன் ஒரு ஷெட் கட்டினான். நாலு பசு, தக்காளிப் பெட்டி, மருந்து டேங்க் எல்லாம் அதில். அவன் கடக்கால் தோண்டிய அன்று மாலை நான் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஷெட் சரியாக வண்டிப்பாதையின் மேல் விழுந்தது. பென்சிலால் சிறு கட்டமாக வரைந்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். கடக்கால் இரண்டடி ஆழம் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவர் எழும்பியது, தகரம் போட்டான், பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார், எனக்கும் ஒரு லட்டு வந்தது. தின்றேன். அப்போதும் சொல்லவில்லை. என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்தேன்.

வண்டிகள் வர ஆரம்பித்த பிறகு, போனில் "இங்கே சாலை இல்லை" என்று புகார் அனுப்பினேன். பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னது. கோடு போகவில்லை. உள்ளதைச் சொன்னால் நன்றி, இல்லாததைச் சொன்னால் சாலை. கேட்டில் பூட்டுப் போட்டு, "இது சாலை அல்ல" என்று பெயிண்டால் எழுதினேன். அதைப் படித்துவிட்டும் ஹாரன் அடித்தார்கள். என் மனைவி மட்டும் கவலைப்படவில்லை. கோடு அவங்க செல்லுலதான இருக்குது, நம்ம மண்ணுல இல்லியே என்றாள். கொள்ளைப் புடைத்தவள் அவள்தான். ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

நாங்கள் இரண்டு வீட்டாரும் ஒரே சர்ச்சு, ஒரே பங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, அவன் ஐந்தாவது. நற்கருணைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார் சாமியார். எல்லாரும் திரும்பித் திரும்பிக் கும்பிடுவார்கள். நான் முன்னால் இருப்பவருக்கும் இடது கைப்பக்கத்தவருக்கும் கும்பிடுவேன். பின்னால் திரும்ப மாட்டேன். இருபத்தேழு ஞாயிறு திரும்பவில்லை. திரும்பாத என் முதுகைப் பார்த்து அவன் கும்பிட்டானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. மனைவி கும்பிட்டான் என்றாள்.

பிறகு அவன் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டான். வண்டிப்பாதையை அளந்து காட்ட வேண்டும், என் களம் வழியாகப் பாதை போகிறது, நான் மறித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். நோட்டீஸ் எனக்கும் வந்தது. படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீண்ட நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன், நான்கு தோசை. அளக்க வேண்டும் என்று அவனே கேட்கிறான். அளந்தால் போவது அவன் ஷெட்.

ஆனால் ஆபீஸில் ஒரு சிக்கல். அங்கிருந்த கிராம வரைபடம் மடிப்பில் கிழிந்திருந்தது. எட்டாக மடித்து வைத்த தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, எங்கள் நிலங்கள் இருக்கும் மூலையில் உள்ளங்கை அளவு ஓட்டை. பாதை இருந்ததற்கே சான்று இல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று சர்வேயர் சொன்னார். முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்காமல் எழுந்து வந்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். வண்டிப்பாதை என்று ஒன்று இல்லாமலே போயிருக்கும்.

என்னிடம் முழு நகல் இருக்கிறது என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று தெரிந்ததும் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அளக்க வந்த நாளில் சர்வேயரும் அவருடைய உதவியாளரும் ஒன்பதரை மணிக்கு வந்தார்கள். கூடவே வி.ஏ.ஓ. அவன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான், அவன் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். களத்தில் கட்டில் போட்டு அதன் மேல் வரைபடத்தை விரித்தேன். நான்கு மூலையிலும் நான்கு தேங்காய் வைத்தேன். என் மரத்துக் காய்.

சர்வேயர் குனிந்து பார்த்து, விட்டு விட்டுப் போட்ட இரட்டைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். விரல் வடக்கே போனது. பென்சில் கட்டத்தின் மேல் நின்றது. பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன்தான் கேட்டான்.

"இது என்னாங்க சார்?"

"உன் ஷெட்டு."

அவன் தேதியைப் படித்தான். மெதுவாகத்தான் படித்தான். என் எழுத்து அவனுக்குப் பழக்கமானது.

"அஸ்திவாரம் போட்ட அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லலியேங்க."

"நீ கேக்கலியே."

"லட்டு குடுத்தனுப்புனேனுங்களே சார்."

வேலிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி என்ன என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். பின்னால் நடந்தது தெரிந்த பிறகு வேறு மாதிரி எழுதினால் அது கணக்கில் திருத்தம் செய்வது போல ஆகும்.

நான் ஸ்கேலை நீட்டினேன். ஆறு அங்குலம் அரை நூல், இரண்டாயிரம் அடி என்று சர்வேயருக்குச் சொன்னேன். அவர் ஸ்கேலை வாங்கவில்லை. கிராம வரைபடம் பாதை உண்டா இல்லையா என்று பார்க்க மட்டும்தான், அதை வைத்து அளக்க மாட்டோம் என்றார். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனிப் பக்கமாக அளவுப் புத்தகம் இருக்கிறது, கல்லுக்குக் கல் தூரம் அதில் எழுத்தாகவே எழுதியிருக்கும், தாளில் அளக்க வேண்டிய தேவையே இல்லை என்றார். இது எனக்குத் தெரியாதது இல்லை. வரைபடமும் அதைத்தானே சொல்லும் என்றேன். பார்க்கலாங்க சார் என்றார்.

பாலத்தடிக் கல்லை அவர்கள் முதலில் கண்டார்கள். இன்னொரு கல்லை ஏரிக்கரையில் முள்ளை வெட்டித் தேடினார்கள். மூன்றாவது கல் கோயில் பின்னால் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது, இடம் மாறிய கல் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முக்காலியில் வெள்ளைத் தலை வைத்த கருவி ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் நட்டு, கையிலிருந்த பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நான் அவர்களோடு நடந்தேன். அந்தக் காலையில் மட்டும் நான் வைத்த எட்டு இரண்டாயிரத்து எழுநூறு. பதினொன்றே முக்காலுக்கு உதவியாளர் முதல் மூங்கில் முளையை அடித்தார்.

அது என் வேலிக்கு உள்ளே இருந்தது.

தப்பாக அடித்திருக்கிறாய் என்றேன். அவர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் பெட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த முளைக்கு இடம் காட்டினார். இரண்டாவது முளை முதல் முளைக்குப் பதின்மூன்று அடி கிழக்கே, மூன்றாம் எண் மரத்தை ஒட்டி. சர்வே கணக்கில் இருபது லிங்க் அகலப் பாதை, அது சரியான அகலம். இரண்டு முளைக்கும் நடுவே என் மரங்கள் வரிசையாக நின்றன. பாதை லேசாகச் சாய்ந்து போனதால் கடைசி ஐந்து மரங்கள் தப்பின. ஒன்று முதல் ஒன்பது வரை பாதைக்குள். அதற்குக் கிழக்கே நான் வேலிக்குள் வளைத்திருந்த ஆறடியும் ஓடைப் புறம்போக்கு. பாதை வடக்கே போய், அவன் ஷெட்டுக்கு ஏழடி மேற்கே ஒதுங்கி, எதையும் தொடாமல் போய்விட்டது. என் களத்தையும் தொடவில்லை. அந்த அளவில் அவன் மனுவும் தப்புதான். அதை அங்கே இருந்த யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார்கள். கல்லிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது அடி. என் கணக்குக்கு இருபது அடி குறைவு. தாளில் அது அரை நூல்.

வி.ஏ.ஓ. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஷெட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான், விழுந்துவிடுமோ என்று பிடித்தவன் போல. பிறகு இந்தப் பக்கம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"பத்துக்கு எத்தனை மார்க்குங்க சார்?"

சர்வேயர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். அவருக்குப் புரியவில்லை. மற்ற எல்லாருக்கும் புரிந்தது. என் மனைவிக்கும் புரிந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. வரைபடத்தை மறுபடி கட்டிலில் விரித்து அளந்தேன். ஆறு அங்குலம் அரை நூல். ஸ்கேலை மாற்றி அளந்தேன். அதுவேதான். பிறகு வடக்கு தெற்காக, பாலத்திலிருந்து ஏரி மதகு வரை அளந்து பார்த்தேன். சர்வேயர் சொன்ன அளவோடு அது சரியாக நின்றது. கிழக்கு மேற்கில் மட்டும்தான் தாள் நீண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆனது எனக்குப் புரிய. மைதா மாவு. துணியில் ஒட்டும்போது ஒரு பாத்திரம் நிறைய மைதா காய்ச்சி, தாளின் முதுகு முழுக்கத் தடவி, ஊறவிட்டு, சுருக்கம் விழாமல் இரண்டு கையாலும் நீவினேன். ஈரத்தில் காகிதம் ஒரு பக்கமாக விரியும். விரிந்தபடியே துணியில் ஒட்டிக் காய்ந்துவிட்டது. ஆறு அங்குலத்துக்கு அரை நூல்.

ஒவ்வொரு வருடமும் ஒரு பழைய ரப்பர் பந்தை அறுத்துத் தரையில் வைத்து அமுக்கிக் காட்டியவன் நான். உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது இழுபடும், எந்த வரைபடத்தையும் அப்படியே நம்பாதே என்று சொல்வேன். அந்தப் பந்தைக் காட்டிய அதே வகுப்பில், சுவரில், நான் இழுத்து ஒட்டிய தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

மரங்களை எடுக்கப் பதினைந்து நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வந்தது. பதினோராவது நாள் ஆளைக் கூப்பிட்டு நானே வெட்டச் சொன்னேன். அரசாங்கத்து இயந்திரம் வந்து சாய்த்து, அதை அவன் நின்று பார்க்க வேண்டியதில்லை. ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாக வெட்டினார்கள். நூற்று அறுபத்து மூன்று காய், இளநீர் போக. ஆறாம் எண்ணில் அந்த வருடம் பதினேழு நல்ல காய் இருந்தது. வேரோடு தோண்டி எடுக்கச் சொல்லி நோட்டீஸில் இருந்ததால் தோண்டினார்கள். ஒன்பது குழி. குழியை மூட வேண்டும் என்று நோட்டீஸில் இல்லை. மூடவில்லை.

வரைபடத்தைக் குளியல் தொட்டியில் ஊறப் போட்டு, துணியிலிருந்து உரித்தேன். நிழலில் காயவைத்து அளந்தேன். ஆறு அங்குலம். அரை நூலைக் காணோம். இப்போது சரியான வரைபடம் என்னிடம் இருக்கிறது.

பாதை திறந்த பிறகும் வண்டிகள் என் கேட்டுக்குத்தான் வந்தன. போனில் பழைய கோடு அப்படியே களத்தின் குறுக்கே கிடந்தது. அறுபதடி தள்ளி நிஜப் பாதை இருக்க, பொய்ப் பாதையின் முன்னால் நின்று ஹாரன் அடித்தார்கள். அவனுக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை. வண்டி எப்படியோ சுற்றிக்கொண்டு அவனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு வாரம் பொறுத்தேன், பதின்மூன்று வண்டி. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். பழைய கோட்டை அழிக்கச் சொல்லிக் குறித்தேன். புதுக் கோட்டை விரலால் போட்டேன். திரையில் மேலிருந்து எடுத்த படம் இன்னும் பழையது. அதில் என் பதினான்கு மரமும் நின்றன, பச்சை நட்சத்திரம் மாதிரி. கோடு ஒன்று முதல் ஒன்பது வரை அவற்றின் தலைகள் மேலேயே போக வேண்டும். விரல் தப்பி இரண்டு முறை பத்தாம் எண்ணுக்குப் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அவனுக்காகச் செய்யவில்லை. கோடு தப்பான இடத்தில் இருந்தது.

பதினோரு முறை கேட்காத போன் இந்த முறை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை ஒரு பிக்கப் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்தான். போனில் சார்ஜ் இல்லை, தக்காளித் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டான். நான் கேட்டைத் திறக்காமல் கையை நீட்டிக் காட்டினேன்.

"அந்தாண்ட வேலி ஓரமா போ. ஒம்பது குழி இருக்குது, பாத்து ஓட்டு."

அரை மணி நேரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தவன், வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினான்.

"எட்டுதாங்க இருந்துச்சு."

போய் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான். ஆறாம் எண் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டியிருந்தது, அதன் மேல் புதிதாகச் சக்கரத் தடம். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பாண்டுச் சட்டியில் மண் அள்ளிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நான் வீட்டுக்கு வந்து, டைரியில் எட்டு என்று எழுதினேன்.